மனைப்படப்பையும் கோடை நீரும்

தமிழகத்து வேளாண்மை வரலாற்றை எழுதப் புகுந்த அறிஞர் பெருமக்கள் நெல்லையும் கரும்பையும் ஏரியையும் கால்வாயையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். நிலத்தை அளந்த கோல், வரி தண்டிய முறை, மடை திறந்த முறை ஆகியவற்றுக்கெல்லாம் நமக்கு நூல்கள் உள. ஆயின் வீட்டின் பின்புறத்தே, கிணற்றடிக்கும் வேலிக்கும் இடைப்பட்ட சிறு நிலத்தில், கோடைக்காலத்தே கத்தரியும் வெண்டையும் பாகலும் புடலும் கீரையும் விளைவித்த முயற்சி பற்றித் தனித்த ஆராய்ச்சி அருகியே காணப்படுகிறது. அதனை ஒரு பொருளாகக் கருதாமைக்குக் காரணம் வெளிப்படை. அஃது அரசிறைக்கு உட்படவில்லை. ஆகவே சாசனங்களில் இடம்பெறவில்லை. பெண்டிரும் சிறாரும் முதியோரும் செய்த தொழிலாதலின் தொழில் என்று எண்ணப்படவும் இல்லை.

பண்டைத் தமிழர் இல்லந்தோறும் காய்கறித் தோட்டம் செழித்திருந்தது என்று எழுதும் வழக்கம் நம்மிடையே பரவியுள்ளது. கட்டுரைப் போட்டிகளில் மட்டுமன்றி ஆய்வேடுகளிலும் இக்கூற்றை யாம் கண்டிருக்கிறோம். இது முழுதும் பொய்யன்று. ஆயின் முழுதும் மெய்யும் அன்று என்பதே எம் கருத்து. மழைக்காலத்தில் எவர் வீட்டுப் புறத்தும் ஏதேனும் ஒன்று முளைக்கும். கோடையிலோ, இறைத்து ஊற்றினால் அன்றி ஒன்றும் நில்லாது. எனவே, ஒரு மனையில் கோடைத் தோட்டம் இருந்ததா என வினவுவது, அம்மனைக்கு நீரின்மீதும் நிலத்தின்மீதும் என்ன உரிமை இருந்தது என வினவுவதே ஆகும். இவ்வினாவை மனத்திற்கொண்டு இலக்கியத்தையும் சாசனத்தையும் சொற்களையும் ஒருமுறை பார்ப்போம்.

முதலில் சொற்கள். வீட்டுத் தோட்டத்திற்குச் சங்க நூல்கள் வழங்கும் சிறப்பான சொல் படப்பை என்பது. தோட்டம், புழைக்கடை, ஊர்ப்புறம் எனப் பல பொருள்களை அகராதிகள் இதற்குத் தரும். பெரும்பாணாற்றுப்படை, தண்டலை உழவரின் தனிமனையைக் காட்டுமிடத்து, தென்னையின் வாடிய மடலால் வேய்ந்த கூரையையும் மஞ்சள் வளர்ந்த முற்றத்தையும் மணங்கமழும் படப்பையையும் ஒருங்கே கூறுகிறது. அம்மனையில் விருந்தினர்க்குக் கிடைப்பவை பலாப்பழம், இளநீர், வாழைப்பழம், நுங்கு. இவை திகட்டினால் சேம்பின் முற்றிய கிழங்கு. பட்டினப்பாலையும் காவிரி நாட்டைப் புனையும்போது தெங்கு, வாழை, கமுகு, மஞ்சள், மா, பனை, சேம்பு, இஞ்சி என்று அடுக்குகிறது. இவ்விரு பட்டியல்களையும் ஒப்புநோக்கினால் ஓர் உண்மை புலனாகும். இவற்றுட் பெரும்பாலன ஓராண்டு முதல் பல்லாண்டு வரை நின்று பயன் தருவன. பனை ஒழிந்த ஏனையவற்றுட் பல, இடையறாத ஈரம் வேண்டுவன. வாழையும் கமுகும் சேம்பும் இஞ்சியும் கோடை முழுவதும் ஈரம் காயாத நிலத்தையே நாடும். ஆகவே புலவர் காட்டும் மணநாறு படப்பை, ஆற்றுப் பாய்ச்சல் உள்ள மருத நிலத்துத் தோட்டக் குடியின் படப்பையே ஆகும். அதனை எல்லா இல்லத்திற்கும் பொதுவாக்குதல் பொருந்தாது.

அதே பத்துப்பாட்டில் மற்றொரு மனையும் உண்டு. சிறுபாணாற்றுப்படையில் வரும் பாணர் குடியின் அடுக்களையில் காளான் பூத்திருக்கிறது. குட்டி ஈன்ற நாய் குரைக்கிறது. அவ்வில்லத்துப் பெண், குப்பையில் முளைத்த வேளைக் கீரையைத் தன் நகத்தால் கிள்ளி, உப்பின்றி வேகவைத்து, பிறர் கண்டால் நாணம் என்று கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு உண்கிறாள். புறநானூற்றின் 159 ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனார் தம் மனைவியைப் பற்றிக் கூறுவதும் இத்தகையதே. அங்கு அவள் பறிப்பது குப்பைக் கீரை. அதுவும் முன்னர்க் கொய்த இடத்திலேயே மீண்டும் தழைத்த முற்றாத தளிர். கொய்த இடத்திலேயே மீளக் கொய்ய நேர்ந்தது என்னும் இச்சிறு குறிப்பு, தோட்டக்கலை வரலாற்றுக்கு மிகுந்த மதிப்புடையது. நட்டு வளர்த்த கீரை அன்று அது. ஆயினும் தண்டோடு பிடுங்காமல் கிள்ளிக் கிள்ளி எடுத்துத் தளிர்க்க விடும் பயிர்முறை அங்கே தோன்றிவிட்டது. இன்றும் நம் இல்லங்களில் பொன்னாங்கண்ணியையும் அரைக்கீரையையும் இவ்வாறே கிள்ளுகிறார்கள்.

மனிதன் பயிர்த்தொழிலைக் கற்றது தன் குடிசைக்கருகே தான் கொட்டிய குப்பைமேட்டில்தான் என்று அமெரிக்க நிலைத்திணை அறிஞர் எட்கர் ஆண்டர்சன் 1952 இல் வெளியிட்ட தம் நூலில் கருதினார். சாம்பலும் சாணமும் எச்சிலும் சேர்ந்து வளம் பெற்ற மண்ணில், எறிந்த விதைகள் தாமே முளைத்தன, அவற்றுள் உண்ணத்தக்கவற்றை அவன் விட்டுவைத்தான், பின்னர் ஓம்பினான். இக்கருத்தை எல்லாரும் ஏற்றனர் என்று சொல்வதற்கில்லை. ஆனால் நம் புறநானூற்றின் 116 ஆம் பாட்டைப் படிப்பவர்க்கு இக்கருத்து நினைவுக்கு வராமற் போகாது. பறம்பை இழந்தபின் பாரி மகளிர் தங்கிய சிறு மனையைக் கபிலர் அங்குக் காட்டுகிறார். முள் வேலி, பஞ்சு பரந்த முற்றம், பீர்க்கும் சுரையும் படர்ந்த பக்கம், ஈச்சிலைக் குப்பை. அக்குப்பை மேட்டின்மீது ஏறி நின்றுதான் அவர்கள் உமணரின் உப்பு வண்டிகளை எண்ணுகிறார்கள். குப்பையும் சுரையும் பீர்க்கும் வேலியும் ஒரே சட்டகத்துள் அமைந்த மனைத்தோட்டச் சித்திரம் இது. கபிலர் இதனைச் செழிப்பின் அடையாளமாகக் கூறவில்லை, வறுமையின் அடையாளமாகவே கூறினார். வேந்தர் மகளிர் இத்தகைய மனையில் வாழ நேர்ந்ததே என்பது அவர் துயரம். சுரையும் பீர்க்கும் அற்றை நாளில் எளியோர் மனைக்குரிய கொடிகளாக இருந்தன என்பதை இதனால் அறிகிறோம்.

மனையில் கருதி வளர்த்த கொடிக்கும் சான்று உண்டு. நற்றிணை 179 இல், இல்லத்தில் எழுந்த வயலைக் கொடியைக் கன்று ஈன்ற பசு தின்றுவிட, அது கண்ட தலைவி பந்தை நிலத்தில் எறிந்து, பாவையை விடுத்து, வயிற்றில் அடித்துக்கொள்கிறாள். வயலையைப் பசலைக் கொடி என்று கொள்வர். ஒரு கொடியைப் பசு தின்றதற்கு இத்துணைத் துயரமா என்று மாணாக்கர் நகைப்பதுண்டு. தானே நீர் ஊற்றி வளர்த்த பாகற்கொடியை ஆடு மேய்ந்துவிட்ட வீட்டில் ஒருநாள் இருந்து பார்த்தவர் நகைக்கமாட்டார். அக்கொடியை வளர்த்தவள் அவ்விளம்பெண்ணே என்பதை அவள் துயரம் காட்டுகிறது. அகநானூற்றில் தாழியில் வளர்த்த குவளையும் பேசப்படுகிறது. இன்று நகரங்களில் மாடித்தோட்டம் என்று புதியதாகப் போற்றப்படும் முறைக்கு இத்தாழியை முன்னோடி என்று கூறலாம். ஆயின் அது மலருக்காக வைத்தது, காய்க்காக அன்று.

இனி, கோடைக்கு வருவோம். அவரை பூப்பது பனிக்காலத்தில் என்று குறுந்தொகைப் பாடலொன்று தெளிவாகக் கூறுகிறது. இன்றும் கொடியவரை அவ்வாறே பூக்கிறது. ஆடியில் விதைத்துத் தையில் பறிப்பது நாட்டு வழக்கு. ஆடிப்பட்டத்தைத் தேடி விதைக்கச் சொல்லும் பழமொழியை அறியாத தமிழர் இலர். ஆடிப்பட்டம் மழையை நோக்கியது. தைப்பட்டமும் மாசிப்பட்டமும் கிணற்றை நோக்கியவை. தை, மாசியில் கத்தரி நாற்றுவிட்டு, வெண்டையும் கொத்தவரையும் விதையூன்றி, பாகலும் புடலும் சுரையும் குழியிலிட்டால் பங்குனி முதல் வைகாசி வரை வீட்டுக்குக் காய் கிடைக்கும். வெண்டையும் கொத்தவரையும் ஏறத்தாழ ஒன்றரைத் திங்களில் காய்க்கத் தொடங்கும். தண்டுக்கீரை இருபத்தைந்து முப்பது நாளிலேயே பறிப்புக்கு வரும். இவை எல்லாம் வெப்பத்தைத் தாங்குவன. ஆனால் வறட்சியைத் தாங்குவன அல்ல. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதே நகரத்தார் செய்யும் பிழை.

கோடையில் ஈரத்தைக் காப்பதற்கு நம் இல்லத்தார் கையாண்ட முறைகள் பல. மேட்டுப் பாத்தி அமைக்காமல் தாழ்ந்த குழியில் விதைத்தல். தேங்காய் மட்டையைக் குழியின் அடியில் புதைத்தல். புடலுக்குப் பந்தலிட்டு அப்பந்தல் நிழலில் கீரை விதைத்தல். வெயில் ஏறுமுன்னும் மாலையிலும் மட்டுமே நீர் வார்த்தல். அரிசி களைந்த நீரும் பாத்திரம் துலக்கிய நீரும் குளித்த நீரும் ஒருவாய்க்காலாக வாழைக்கும் சேம்புக்கும் சென்றன. எம் இளமையில், வீட்டின் முதிய பெண்டிர் கழுநீர்த் தொட்டியை யாரேனும் வீணே கவிழ்த்தால் பாலைக் கவிழ்த்ததுபோல் சினந்ததை யாம் கண்டதுண்டு. சாம்பலே அவர்களுக்குப் பூச்சி மருந்து. வாட்டமாக நீளும் பொருட்டுப் புடலங்காயின் நுனியில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடுவர். முற்றிய பூசணி விதையைச் சாணத்தில் பதித்துச் சுவரில் தட்டி அடுத்த பட்டத்துக்குக் காப்பர். சுரையை மட்டும் கொடியிலேயே நெற்றாக விட்டுவிடுவர். விதையும் குடுக்கையும் ஒருங்கே கிடைக்கும்.

இம்முறைகள் எல்லாம் ஏதேனும் நீர் உள்ள இடத்தில்தான் பயன்படும். அந்நீர் யாருக்கு இருந்தது? முல்லை, பாலை நிலத்துச் சிற்றூர்களில் கூவல் எனப்பட்ட கிணறுகளைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. கல்லை அறுத்துத் தோண்டிய உவர்நீர்க் கூவலைப் புறநானூற்றுப் பாடலொன்று குறிக்கிறது. குடிக்கவே போதாத அந்நீரைக் கொடிக்கு ஊற்றியிருப்பர் என்று கருத இடமில்லை. அத்தகைய ஊர்களின் கோடையுணவு முருங்கை போன்ற மரங்களிலிருந்து வந்திருக்கலாம் என ஊகிக்கலாம். ஆயின் இவ்வூகத்திற்கும் ஒரு தடை உண்டு. அகநானூற்றின் முதற்பாட்டில் முருங்கை வருகிறது. வருமிடமோ பாலைநிலத்துக் காடு. அதன் வெண்பூவைச் சூறைக்காற்று சிதறடிப்பதையே புலவர் கூறுகிறார். காயையோ கீரையையோ கூறவில்லை. இன்று கோடைத் தோட்டத்தின் தலையாய மரமாகக் கொல்லைதோறும் நிற்கும் முருங்கை, சங்க இலக்கியத்தில் மனைக்குள் வந்துசேரவில்லை. அது காட்டிலிருந்து வேலிக்கும் வேலியிலிருந்து கொல்லைக்கும் எப்போது வந்தது என்பது தனியே ஆராயத்தக்கது.

கொல்லை என்னும் சொல்லும் இத்தகைய பயணமே செய்துள்ளது. சங்க நூல்களில் அது பெரும்பாலும் முல்லை நிலத்துப் புன்செயைக் குறிக்கும். வரகும் பயறும் விளையும் காட்டு நிலம் அது. பிற்காலத்தில் அச்சொல் சுருங்கி வீட்டின் பின்புறத்தைக் குறிக்கலாயிற்று. படப்பையோ பேச்சு வழக்கினின்றும் நீங்கி, தாம்பரத்தை அடுத்த ஓர் ஊரின் பெயராக நிற்கிறது. தென்மாவட்டங்களில் வைக்கோற்போரைப் படப்பு என்பர். வைக்கோற்போர் நிற்குமிடமும் வீட்டின் பின்புறமே என்பது நோக்கத்தக்கது. கொங்கு நாட்டிலோ தோட்டம் என்றாலே கிணற்றுப் பாய்ச்சல் உள்ள நிலம். கிணறில்லாத நிலம் எவ்வளவு பரந்ததாயினும் காடு எனப்படும். 1800 ஆம் ஆண்டில் அப்பகுதியில் பயணஞ்செய்த பிரான்சிசு புக்கானன், கபிலை பூட்டி இறைக்கும் தோட்ட நிலங்களை வானம் பார்த்த நிலங்களினின்றும் பிரித்தே எழுதினார். யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லின் கீழ்த் தேங்கிய நீரைத் துலாவால் இறைத்தே தோட்டஞ் செய்தனர். அங்கும் வீட்டைச் சூழ்ந்த நிலம் வளவு. நீர் இறைத்துப் பயிரிடும் நிலமே தோட்டம். கிணறும் தோட்டமும் பிரிக்க இயலாதவை என்பதை இவ்வட்டார வழக்குகள் உறுதிப்படுத்துகின்றன.

இலக்கியம் குறிப்பாகச் சொல்வதைச் சாசனம் வெளிப்படையாகச் சொல்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் (985-1014) காலத்துக் கல்வெட்டுகள், ஊர்களின் நிலத்தை அளந்து கூறுங்கால், ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், பறைச்சேரி, கம்மாணசேரி, சுடுகாடு ஆகியவற்றைக் கழித்து இறையிலி எனக் காட்டுகின்றன. குடியிருப்பு நிலத்தில் விளைந்த காய்க்கு வரியில்லை; அதனாற்றான் மனைத்தோட்டம் கணக்கில் ஏறவில்லை என்று தொடக்கத்தில் கூறினோம். ஆனால் இதே பட்டியலில் வேறொன்றும் உண்டு. நத்தம் வேறு, சேரி வேறு. இரண்டும் இறையிலியே, எனினும் இரண்டிற்கும் கிடைத்த நீர் ஒன்றாக இருந்ததா?

சோழர் கொடைச் செப்பேடுகளில், கொடுக்கப்பட்ட ஊரின் உறுப்புகளைக் கூறும் நீண்ட தொடரில், மனையும் மனைப்படப்பும் என்று இரண்டும் இணைந்து வருகின்றன. சங்கப் படப்பையின் தொடர்ச்சியை இங்கே காண்கிறோம். கொடைபெற்றோர்க்குரிய சிறப்புரிமைகளாக அச்செப்பேடுகள் கூறுவன வியப்பூட்டுவன. சுட்ட செங்கல்லால் மாட மாளிகை எடுக்கலாம், துரவும் கிணறும் தோண்டலாம், தமனகம், மரு, செண்பகம், செங்கழுநீர் முதலியவற்றை நடலாம், தென்னை வைக்கலாம். இவை உரிமைகளாக எழுதப்படுகின்றன என்றால், எழுதிப் பெறாதவர்க்கு இவை இயல்பாக உரியன அல்ல என்பதே பொருள். மேலும், கொடைபெற்ற ஊருக்குச் செல்லும் வாய்க்காலில் பிறர் கிளை வெட்டுதலும், குற்றேத்தம் அமைத்தலும், கூடையால் நீர் இறைத்தலும் கூடா என்று தடை விதிக்கப்படுகிறது. பெருமடை திறந்து வயலுக்குப் பாய்ச்சுவோர் கூடையைக் கையில் எடுப்பதில்லை. ஒருவர் இயக்கத்தக்க சிறிய ஏற்றமும் கைக்கூடையும் சிறுநிலத்தார் கருவிகள்; கோடையில் பாத்திக்கு ஊற்றப் பயன்படுவன. அரசாணை இவ்வளவு சிறிய நீரையும் கருதித் தடுத்தது என்பதனால், அச்சிறிய நீரை எடுக்க முயன்றோர் இருந்தனர் என்பதும் புலனாகிறது. தடை இருந்தவிடத்துச் செயலும் இருந்திருக்கும் என்பது சாசன ஆராய்ச்சியாளர் அறிந்ததே. வரலாற்றில் பெயரின்றிப் போன அக்கோடைத் தோட்டக்காரரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் நேர்ச்சான்று அவர்களைத் தடுத்த இவ்வொரு தொடர்தான்.

இவ்விடத்துக் காய்கறிகளின் வரலாறு பற்றியும் சிறிது கூறுதல் வேண்டும். ஏனெனில் பழந்தமிழ்த் தோட்டத்தை மீட்டுக் காட்ட முற்படுவோர் சொற்களால் எளிதில் ஏமாறுகின்றனர். கத்தரி பழமையானது, வழுதுணை என்னும் பெயரில் அதனை நம் முன்னோர் அறிவர். வரகரிசிச் சோற்றோடு வழுதுணங்காயை உண்பித்த புல்வேளூர்ப் பூதனை ஔவையார் வாழ்த்தியதாக வரும் தனிப்பாட்டைப் பலரும் அறிவர். ஆனால் தக்காளி என்னும் சொல்லைப் பழைய மருத்துவ நூலிற் கண்டவுடன் இன்றைய தக்காளி அங்கே இருந்தது என்று முடிவு செய்தல் பெரும் பிழை. பழைய தக்காளி, உறைக்குள் சிறுகனி காய்க்கும் வேறொரு செடி; அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த கனி முதலில் சீமைத்தக்காளி எனப்பட்டு, பின்னர் அடைமொழியை உதிர்த்து, பழைய செடியின் பெயரையே தனதாக்கிக்கொண்டது. மிளகாயும் அத்தகையதே. போர்த்துக்கீசியர் வழியாக 16 ஆம் நூற்றாண்டில் இந்நாட்டுக்கு வந்த அது, மிளகின் பெயரைப் பெற்று மிளகின் இடத்தையும் பெற்றது.

பறங்கிக்காய் இவ்வகையில் மிகச் சுவையானது. தன் அயன்மையைப் பெயரிலேயே சுமந்து நிற்பது அது. இருந்தும் தைப்பொங்கலுக்கும் திருவாதிரைக் கூட்டுக்கும் நாட்டுக்காய் என்று தேடி வாங்கப்படுகிறது. சிராத்தச் சமையலில் மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் விலக்கு. சர்க்கரைவள்ளிக்கோ பல இல்லங்களில் விலக்கில்லை. அமெரிக்கக் கிழங்காகிய அது, வள்ளி என்னும் பழந்தமிழ்ப் பெயரின் நிழலில் நுழைந்தமையால் ஒருவரும் ஐயுறவில்லை போலும். சடங்கு மரபு பழமையைக் காக்கும் என்பது உண்மை. ஆனால் சமையற்கட்டில் நிலைத்திணை நூலார் எவரும் அமர்ந்திருக்கவில்லை. ஆகவே விலக்கப்பட்டவை புதியவை என்று பெரும்பாலும் கொள்ளலாம்; ஏற்கப்பட்டவை எல்லாம் பழையவை என்று கொள்ளலாகாது.

புதுவரவுகளுள் கோடைத் தோட்டத்தின் பொருளியலை மாற்றியது மிளகாய் ஒன்றே என்று யாம் கருதுகிறோம். மிளகு மலையில் விளைவது. விலை கொடுத்தே பெறவேண்டியது. மிளகாயோ கிணற்றடியில் இரண்டு செடி நின்றால் ஒரு குடும்பத்தின் காரத்துக்குப் போதும். காயவைத்தால் ஆண்டு முழுவதும் கிடக்கும். உப்பில்லாமல் கீரை வேகவைத்த மனைக்கு, பிற்காலத்தில் காரமேனும் காசின்றிக் கிடைத்தது. ஏனைய சீமைக்காய்கள் நெடுங்காலம் மலைப்பகுதிகளிலும் ஆங்கிலேயர் மேசைகளிலும் நின்றன. உதகமண்டலத்துத் தாவரவியற் பூங்காவே, அங்குக் குடியிருந்த ஆங்கிலேயர் தமக்குக் காய்கறி விளைவித்துக்கொள்ள 1840 களில் தொடங்கிய தோட்டத்திலிருந்து வளர்ந்தது என்பதை இன்று அங்கே மலர்க்காட்சிக்குச் செல்வோர் எண்ணுவதில்லை.

மீண்டும் நீருக்கு வருவோம். சேரிக்கும் நத்தத்துக்கும் ஒரே நீர் கிடைத்ததா என்னும் வினாவுக்கு, இடைக்காலச் சாசனங்களைவிட அண்மைக்கால ஆவணங்கள் தெளிவான விடை தருகின்றன. பொதுக்கிணறுகளையும் பொதுச்சாலைகளையும் ஒடுக்கப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்று சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொணர்ந்து நிறைவேற்றியது 1924 இல். அதற்கும் பின்னர் 1938 இல், எம். சி. இராசாவின் முயற்சியால், இத்தடைகளைக் குற்றமாக்கும் சட்டம் ஒன்று இயற்றவேண்டியிருந்தது. குடிநீருக்கே தீர்மானமும் சட்டமும் வேண்டியிருந்த குடிகள், அதற்கு முன்பு கோடையில் கத்தரிக்கு நீர் ஊற்றினர் என்று எவ்வாறு கூற இயலும்? இல்லந்தோறும் தோட்டம் என்னும் கூற்று இவ்விடத்தில் உடைகிறது.

கிணற்றின் நிலையும் மாறிக்கொண்டே வந்தது. பைக்காரா மின்னாக்கம் 1932 இல் தொடங்கியபின் கோவைப் பகுதியில் கவலை ஏற்றங்களின் இடத்தை மின்னிறைப்பொறிகள் மெல்லப் பற்றின. பின்னர் ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. வயற்கிணறு ஆழமாக ஆழமாக, பல ஊர்களில் கயிறும் வாளியும் கொண்டு இறைத்த வீட்டுக்கிணறு சித்திரையில் வற்றலாயிற்று. கிணறுடைய மனையும் கோடைத் தோட்டத்தை இழந்தது இவ்வாறே.

நிலத்தின் செய்தியும் ஒன்று உண்டு. கீரைக்கு ஒரு திங்கள் போதும், கத்தரிக்கு நான்கைந்து திங்கள், வாழைக்கு ஓராண்டு, பழைய வகை முருங்கைக்கும் தென்னைக்கும் ஆண்டுகள். ஒருவன் தன் குடிசையருகே எதை நடுகிறான் என்பது, அங்கே எத்துணைக் காலம் இருக்கவிடப்படுவான் என்று அவன் நம்புகிறான் என்பதைக் காட்டும். தஞ்சை மாவட்டத்தில் பண்ணையாள்கள் பலர் நிலவுடைமையாளரின் மனைக்கட்டில் குடியிருந்தனர். குடிசை அவர்களுடையது, நிலம் அவர்களுடையதன்று. கருத்து வேறுபாடு தோன்றினால் குடிசையைப் பிரிக்க நேரும். அத்தகையோர் மனையில் பலனுக்குப் பல்லாண்டு காத்திருக்கும் மரத்தைத் தேடுவதில் பொருளில்லை. கூரைமேல் படரும் சுரையையும் குப்பையில் எழும் கீரையையும் தேடுவதே தகும். கபிலரும் பெருஞ்சித்திரனாரும் கண்ட அதே பயிர்கள் இருபதாம் நூற்றாண்டிலும் அதே காரணத்தால் அங்கே நின்றன. தமிழ்நாட்டுக் குடியிருப்புடைமையாளர்க்கு நிலவுரிமை வழங்கும் சட்டம் வந்தது 1971 இல்.

அச்சட்டத்தின்படி மனைக்கட்டுக்கு உரிமை பெற்றோர் முதலில் எதை நட்டனர் என்பதை இன்னும் எவரும் கேட்டெழுதவில்லை. தென்னையா, முருங்கையா, வாழையா? அன்று இளைஞராயிருந்தோர் சிலர் முதுமையில் இன்றும் உளர்; அவர்தம் கொல்லையில் அம்மரங்கள் சிலவேனும் நின்றுகொண்டிருக்கலாம். மனைப்படப்பு என்னும் சொல்லைச் செப்பேட்டில் தேடும் மாணாக்கர் ஒருவர், ஓரிரு கோடைக்காலங்களை அவ்வூர்களில் கழிப்பாராயின், இக்கட்டுரை ஊகமாக விட்டுள்ள பகுதிகள் பல திருத்தம் பெறும்.